ஆடுற பாரம்

காலையிலிருந்தே மஞ்சள் லைட்டு மறுபடியும் எரிந்துகொண்டிருந்தது.

மூட்டை ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டார். பிக்கப்பின் பின்னால் டைல்ஸ் பெட்டிகள் கழுத்து வரை ஏறியிருந்தன. எதிரே கடை முதலாளி, இடுப்பில் கை.

"என்னய்யா, மறுபடியுமா?"

"ஆமா முதலாளி."

"மனுசனுக்குக்கூட இத்தனை தடவை வயிறு கெடாதுய்யா!"

மூட்டை என்பது பட்டப்பெயர். சொந்தமாக வண்டி வாங்கும் வரை லாரி ஷெட்டில் மூட்டை தூக்கியவர். முதுகிலிருந்து மூட்டை இறங்கிவிட்டது, பேர் இறங்கவில்லை.

அவர் பிக்கப்பில் சைலன்சருக்கு முன்னால் குண்டாக ஒரு டப்பா உண்டு. புகை ஃபில்டர். டீசல் கக்கும் கரியை அது பிடித்துவைத்துக்கொள்ளும். கரி நிறைந்தால் லைட்டு எரியும். அப்புறம் வண்டியை ஹைவேயில் ஏற்றி, ஒரே வேகத்தில் விரட்டி, அந்தச் சூட்டிலேயே கரியை எரித்துத் தள்ள வேண்டும். ஊருக்குள் சந்து சந்தாக ஓடும் வண்டிக்கு இது அடிக்கடி வரும் என்று சொன்னவன் அவர் மைத்துனன். வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவன். அவன் சொன்னால் மூட்டைக்கு மறுபேச்சு கிடையாது.

"லைட்டோட லோடு அடிச்சீங்கன்னா இன்ஜின் ஜாம் ஆயிடும் மாமா. அப்புறம் வண்டியையும் நீங்கதான் தூக்கணும்."

"வண்டி நல்லாத்தானே இழுக்குது, மாப்ள?"

"அதான் ஆபத்தே. வெளியில தெரியாது. பட்டுனு போயிரும்."

முதல் தடவை எரிந்தபோது மூட்டையின் மனைவியும் கிளம்பிவிட்டாள்.

"நீ எதுக்கு?"

"நடுவழியில நின்னா தள்ள ஒரு ஆள் வேணாமா?"

பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து போனது ஆஸ்பத்திரிக்கும் சாவு வீட்டுக்கும்தான். ஹைவேயில் யாருக்கும் ஒன்றும் ஆகாமலே போவது மூட்டைக்கு ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது.

அவள் பேசினாள். மாடிவீட்டுக்காரியின் தண்ணீர்ச் சண்டையில் ஆரம்பித்தாள். வீட்டில் என்றால் மூட்டை "ம்" போட்டுக்கொண்டே தூங்கியிருப்பார். இங்கே தூங்கினால் இரண்டு பேரும் காலி. அதனால் கேட்டார். கேட்கக் கேட்க, மாடிவீட்டுக்காரி பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறதே என்றார். அவள் திரும்பி உட்கார்ந்து சண்டைக்கு வந்தாள். சண்டை முடிந்து, டீ குடித்து, தோள்பட்டை வலி விடாமல் இருப்பதை மூட்டை வாய்தவறிச் சொல்லி, இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவள் திட்டி ஓய்ந்த நேரத்தில்,

"அந்தா, அணைஞ்சிருச்சு பாருங்க" என்றாள்.

லைட்டு அணைவதை எப்போதும் அவள்தான் முதலில் பார்ப்பாள். மூட்டைக்கு ரோட்டில்தானே கண்.

அது அத்தோடு நிற்கவில்லை. கரி சீக்கிரம் சீக்கிரமாக நிறைய ஆரம்பித்தது. காலையில் அவள் கேபினில் டைல்ஸ் தூசியைப் பெருக்கித் துடைத்துக் கொடுப்பாள். சாவியைத் திருகினால் மஞ்சள் லைட்டு சிரிக்கும். லோடு காத்துக் கிடக்கும். இவர்கள் ஹைவேயில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இன்று முதலாளி பொறுமையைக் கைகழுவினார்.

"இங்க பாரு மூட்டை. இன்னொரு தடவை லைட்டு கீட்டுன்னு வந்து நின்னே, வேற வண்டிய வச்சுக்குவேன். அந்த டப்பாவைக் கழட்டி எறி. என் தம்பி எறிஞ்சிட்டான். பட்டறையில வெல்டர் இருக்கான். அறுத்துட்டு நேரா ஒரு குழாய். லைட்டு ஒயரையும் வெட்டி விட்டுருவான். தொல்லை தீர்ந்துச்சு."

"புகை வருமே முதலாளி?"

"உனக்கென்னய்யா, அது பின்னாடிதானே வரும்!"

மூட்டைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பின்னாடியில் பாதி ஆயுசு நின்றவர் அவர். ஷெட்டில் லாரி கிளம்பும்போதெல்லாம் மூட்டையும் முதுகுமாக நின்று அத்தனையையும் விழுங்கியிருக்கிறார். சாயங்காலம் துப்பினால் கறுப்பாக விழும். கூடத் தூக்கியவன் ஒருத்தன் இன்றைக்கும் மாடிப்படி ஏற முடியாமல் முதல் படியிலேயே உட்கார்ந்திருக்கிறான். நம் வண்டி ஒருத்தன் மூஞ்சியிலும் கரி பூசக்கூடாது என்று, ஃபில்டர் இருக்கிற வண்டியாகத் தேடி வாங்கியதே அதனால்தான்.

ஆனால் கடை லோடு போனால் தவணை கட்ட முடியாமல் வண்டியே போய்விடும். வண்டி போனால் மறுபடி முதுகுதான். அதற்கு இப்போது தோள்பட்டை சம்மதிக்காது.

கழட்டாமல் ஒரு வழி பார்ப்போம் என்று நினைத்தார். வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதில்தான் நேரம் போகிறது. தனியாகவே ஓட்டிவிட்டு வந்துவிடலாம். பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு நேரே ஹைவேக்குப் போனார். அடுத்த ஊர் வந்தது. அதற்கடுத்த ஊரும் வந்தது. டீசல் முள் படுத்துவிட்டது. லைட்டு மட்டும் கல்யாண வீடு மாதிரி எரிந்தது.

ஓரங்கட்டி மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"அணைய மாட்டேங்குதுடா!"

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "தனியாவா போனீங்க?"

"ஆமா."

"அப்படிச் சொல்லுங்க. பக்கத்து சீட்டுல பாரம் இல்லாம ஓட்டினா சூடு ஒரு பக்கமாத்தான் ஏறும் மாமா. எப்படி அணையும்?"

மூட்டைக்குப் பாரம் என்றால் புரியும். மறுநாள் ஒரு சிமெண்ட் மூட்டையைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் பெல்ட்டும் போட்டுவிட்டார். ஹைவே ஏறும் இடத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். எட்டிப் பார்த்தார். இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்யா, சிமெண்டுக்கு பெல்ட்டு போட்டிருக்கே. உனக்கு எங்க?"

அபராதம் கட்டிவிட்டுக் கிளம்பிய கோபத்தில் ஒரு மேட்டைக் கவனிக்கவில்லை. போட்ட பிரேக்கில் சிமெண்ட் மூட்டை பிதுங்கி வாய் பிளந்தது. அவர் கடைக்குத் திரும்பியபோது தலை, புருவம், மீசை எல்லாம் ஒரே சாம்பல். லைட்டு மட்டும் அந்தத் தூசிக்குள்ளும் தெளிவாகத் தெரிந்தது.

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்குக் கழட்டிட்டு வா. இல்லேன்னா வராதே."

மைத்துனனோ விடவில்லை. "அது செத்த பாரம் மாமா. ஆடுற பாரம் வேணும். அப்பப்போ திரும்பி உக்காரணும், கையை ஆட்டிப் பேசணும்."

"இது எந்த ஊர் இன்ஜினியரிங்டா?"

"புது மாடல் மாமா. எல்லாம் அப்படித்தான்."

ராத்திரிச் சாப்பாட்டில் மூட்டை விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"நாளைக்கு ஃபில்டரைக் கழட்டப்போறேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "ஏங்க?"

"வேற வழியில்ல. லோடு போயிரும்."

"கழட்டிட்டா லைட்டு எரியாதா?"

"எரியாது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

அவள் தட்டில் இருந்ததை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளினாள். "புகை வரும்னு நீங்கதானே வருத்தப்படுவீங்க. ஷெட்டுல பட்டதெல்லாம் மறந்துபோச்சா?"

"மறக்கல. அதுக்காக என்னை என்ன பண்ணச் சொல்றே?"

காலையில் பார்த்தால் அவருக்கு முன்னால் குளித்துச் சேலை மாற்றி, வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள்.

பட்டறையில் வெல்டர் வண்டியை மேடையில் ஏற்றச் சொன்னார். வெற்றிலை போட்ட வாய், கையில் அறுக்கிற மெஷின். "அக்கா, கொஞ்சம் இறங்கிக்குங்க."

"நான் இறங்க மாட்டேன்."

"தீப்பொறி பறக்கும்க்கா."

"பறக்கட்டும்."

மூட்டை கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "ஊர் சிரிக்குது. இறங்கு."

"சிரிச்சா சிரிக்கட்டும். மாட்டேன்னா மாட்டேன்." இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "இத்தனை வருசத்துல நான் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல. இது ஒண்ணை விட்டுருங்க."

அப்போது மைத்துனன் ஓட்டமாக வந்து சேர்ந்தான். மூச்சு வாங்கியது. "மாமா, அவசரப்படாதீங்க! ஒயரிங்கை மட்டும் யாரையும் தொட விடாதீங்க!"

வெல்டருக்கு அலுத்துவிட்டது. "குடும்பமா சேர்ந்து முடிவு பண்ணுங்க. அதுக்குள்ள நான் அடியில ஒரு பார்வை பார்த்துட்டு வர்றேன்" என்று டார்ச்சுடன் வண்டிக்குக் கீழே நுழைந்தார்.

மூட்டை மனைவியைப் பார்த்தார். யாரோ பெயர் தெரியாதவன் புகையைக் குடிக்கக்கூடாது என்பதற்காக இப்படி ஒரு பிடிவாதம். அந்தக் கரியைக் குடித்தவர் அவர், அழுகிறவள் இவள். போனை எடுத்தார்.

"முதலாளி, கழட்டல. நீங்க வேற வண்டி பாக்கறதா இருந்தா பாத்துக்குங்க."

முதலாளி கத்திய கத்தல் பட்டறை முழுக்கக் கேட்டது. மூட்டை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். கத்தல் மெல்ல இறங்கி முனகலாகியது. பெட்டியை உடைக்காமல் இறக்குகிற வேறொரு ஆள் கிடைக்க மாட்டான் என்று முதலாளிக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை கடை லீவுதானேய்யா! அன்னிக்கு ஓட்டித் தொலையேன், எரியுதோ எரியலையோ! வாரம் தவறாம ஓட்டு! லோடு அடிக்கிற நாள்ல லைட்டைப் பத்தி மூச்சு விட்டே, கொன்னுருவேன்!"

மூட்டை போனை வைத்தார். "இனிமே ஞாயித்துக்கிழமை தோறும் ஹைவே. எரிஞ்சாலும் சரி, எரியாட்டியும் சரி."

"எல்லா ஞாயித்துக்கிழமையுமா?" சீட்டிலிருந்து அவள் கைகள் மெதுவாக விடுபட்டன. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மைத்துனன் ஒரு பழைய டயர் மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

"உங்க அக்கா மாதிரி ஒரு மனசு யாருக்குடா வரும்?" என்றார் மூட்டை. மைத்துனன் வானத்தைப் பார்த்தான்.

வெல்டர் கீழேயிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். டார்ச்சை அணைத்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு மூட்டையிடம் நிதானமாகக் கேட்டார்:

"ஏண்ணே, ஃபில்டர் நேத்து வாங்குனதாட்டம் இருக்கு, இந்த லைட்டை அணைக்க எதுக்கு ஹைவே வரைக்கும் போறீங்க, அக்கா சீட்டுக்கு அடியில ஒயர் இழுத்து வச்சிருக்கிற சுவிட்சைத் தட்டச் சொன்னாப் போதாதா?"