தஞ்சோங் மாலிம் வழியாக ஆம்ஸ்டர்டாம்

ஆம்ஸ்டர்டாம் நகரத்தைப் பெரட்டு அண்ணனைப் போல அத்தனை கேவலமாகச் சுற்றிப் பார்த்த மனிதர் இந்த உலகத்தில் வேறு யாரும் கிடையாது. ஓவியக் கூடத்துக்குப் போனால் ஓவியத்தைப் பார்க்க மாட்டார். கழிப்பறைக் கதவு உள்ளே திறக்கிறதா, வெளியே திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். கால்வாய் ஓரம் மொத்தக் கூட்டமும் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் படகுத் துறையில் குனிந்து படிகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

நான் விமானப் பணிப்பெண்ணாக இருந்த காலத்தில் அவர் எங்களுக்கு மூத்தவர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆட்களை மேய்க்கும் மண்டோருக்கு மகனாகப் பிறந்தவர். தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். தோட்டத்தை அழித்து வீடு கட்டி விற்றுவிட்டார்கள். இவரிடமிருந்து பெரட்டை மட்டும் அழிக்க முடியவில்லை. பதின்மூன்று மணி நேரம் பறந்து காலையில் இறங்கினால் மனுஷர்கள் கட்டிலில் விழுவார்கள். இவர் பத்து மணிக்கு ஹோட்டல் வாசலில் நின்று எங்கள் பெயரைக் கூப்பிடுவார். வராதவர்களுக்கு அவர் கொண்டுவந்த நெத்திலி சம்பல் கிடையாது. அந்த ஹோட்டல் ரொட்டியைத் தின்றவர்களுக்குத்தான் சம்பலின் அருமை தெரியும். எல்லாரும் போனோம்.

மறுநாள் மாலைதான் திரும்பும் விமானம். அதற்குள் ஊரைக் கரைத்துக் குடித்துவிட வேண்டும் என்பார். குடிக்கிற லட்சணம்தான் விசேஷம். ஒருத்தி டிராமில் ஏறி இருக்கைத் துணி என்ன நிறம் என்று பார்த்து வர வேண்டும். இன்னொருவன் சீஸ் கடையில் இனாமாகத் தரும் துண்டைத் தின்று, உப்பா புளிப்பா என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்தது பெஞ்சு. ரயில் நிலையத்திலிருந்து படகுத் துறை வரை ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து எழுந்து, முட்டி வலிக்கிறதா என்று அவரிடம் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. முட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொள்வார். சந்தேகப்பட்டு விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமே, உங்கள் ஊரில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

நாலாவது பயணத்தில், மழையில், பதினோராவது பெஞ்சில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஈரப் பெஞ்சில் நான் எதற்கு உட்கார வேண்டும், உங்களுக்கென்ன பைத்தியமா அண்ணே என்று கத்தினேன். அவர் நோட்டு நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்க வீட்ல இந்த ஊருக்கு வந்துட்டுப் போயிட்டாங்க தங்கச்சி. வராமலே வந்துட்டுப் போயிட்டாங்க. அதான் வெனையே."

வீடு கமுந்திங் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மை ஊரைச் சொன்னால் வம்பு. அவர் மனைவி கையுறை ஆலையில் பதினெட்டு வருஷம் நின்றே வேலை பார்த்து முட்டியைத் தேய்த்துக்கொண்டவர். மேடு பள்ளம் இல்லாத ஊர் என்பதால் ஆம்ஸ்டர்டாமைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார் அண்ணன். ஊழியர் குடும்பத்துக்கு எங்கள் நிறுவனம் மலிவு டிக்கெட் தரும். பெரிய மனசு. மற்ற பயணிகள் எல்லாரும் ஏறிய பிறகு இருக்கை மிஞ்சினால்தான் அது டிக்கெட். மிஞ்சாவிட்டால் வெறும் காகிதம். இரண்டு தடவை பெட்டியோடு விமான நிலையம் வரை போய்த் திரும்பினார் அக்கா. மூன்றாவது தடவை அக்கம்பக்கம் மொத்தமும் வாசலில் நின்று வழியனுப்பியது. ஒருத்தி சாக்லேட் கேட்டாள், ஒருத்தி ஐஸ்பெட்டியில் ஒட்டுகிற பொம்மை கேட்டாள். அன்றும் விமானம் நிறைந்துவிட்டது. வேலையில் இருந்த அண்ணன் அதில் பறந்து போனார். அக்கா கீழே நின்றார்.

எந்த முகத்தோடு வீடு திரும்புவது? வழியில் தஞ்சோங் மாலிமில், அண்ணனின் தங்கை வீட்டில் இறங்கி, எட்டு நாள் ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் உள்ளேயே கிடந்தார். அண்ணன் கொண்டுவந்த சாக்லேட்டோடும் பொம்மையோடும் ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். வெயில் படாததில் நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஐரோப்பாக் குளிர் நன்றாக ஒத்துக்கொண்டதாக எல்லாரும் மெச்சினார்களாம். நான் சிரித்தேன், பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அதோடு விட்டார்களா? "கேள்வி நிக்கல லா," என்றார் அண்ணன். "நேத்துகூட ஒருத்தி, அந்த முட்டிய வச்சிக்கிட்டு எங்கதான் உக்காந்தீங்கன்னு கேட்டிருக்கா."

மிச்சமிருந்த பெஞ்சுகளிலும் உட்கார்ந்தேன்.

ஒருநாள் உண்மையாகவே கூட்டி வந்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பெருந்தொற்று வந்தது. மேடைக்கு மேடை எங்களைக் குடும்பம் என்று அழைத்த நிறுவனம், இருபத்தாறு வருஷம் உழைத்தவரை நாலு வரி மின்னஞ்சலில் வெளியே அனுப்பியது. எனக்கும் அதே நாலு வரிதான். பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். மலிவு டிக்கெட்டும் அன்றோடு போயிற்று. அந்த நாலு வரியை எழுதியவன் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்துகிற பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை. அண்ணன் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். கூட வேலை பார்த்த பெண் என்று வாசலிலேயே அக்காவிடம் அறிமுகப்படுத்தி, தங்களோடு ஒரே மேசையில் உட்காரவைத்தார். எதிரே அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரி. சுற்றுலாக் குழுவோடு ஆம்ஸ்டர்டாம் போய் வந்த புதுசு. கைப்பேசி நிறையப் படம். சோற்றைப் பிசைந்தபடியே அக்காவிடம் பரீட்சை ஆரம்பித்தாள். படகுக்கு எத்தனை படி என்றாள். ஆறு, கைப்பிடி இடது பக்கம் என்றார் அக்கா. டிராம் இருக்கை நிறம், சீஸின் உப்பு, எதிலும் தடுமாறவில்லை. போய் வந்தவளுக்குத்தான் பாதி தெரியவில்லை. மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது.

"எல்லாம் சரிக்கா," என்றாள். "இத்தன வருசமா கேக்குறேன், ஒரு படம்கூடவா எடுக்கல?"

அக்காவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அத்தனை பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனுஷர் தட்டை விட்டுத் தலை தூக்கவில்லை. இந்த இரண்டு பேரும் யார் குடியைக் கெடுத்தார்கள்?

"படமெல்லாம் என் போன்ல இருந்திச்சுக்கா. போன் தண்ணில விழுந்திருச்சு," என்றேன். "அன்னிக்கு அந்த பிளைட்ல நான்தான் இவங்களுக்குக் காப்பி குடுத்தேன். ஜன்னல் சீட்டு. கீழ ஊரு தெரிஞ்சதும் அழுதுட்டாங்க."

அக்கா என்னையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"மொதத் தடவ இல்லையா," என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். "அதான் அழுதுட்டேன்."

அத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பேருக்குக் காப்பி கொடுத்திருக்கிறேன். முகம் ஞாபகம் இருப்பது அக்காவுடையது மட்டும்தான்.