முன்கூட்டியே ஒரு நன்றி

செயலாளர் விரலை எடுத்தபோது காரியம் கெட்டிருந்தது. 'எனக்கு மட்டும்' என்ற இடத்தில் அழுத்த வேண்டியவர் 'அனைவருக்கும்' என்ற இடத்தில் அழுத்திவிட்டார். சங்கத்தின் செய்திமடல் முந்நூற்று நாற்பது உறுப்பினர்களுக்கும், போதாக்குறைக்கு நகர ஆணையர் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்போது காலை மணி பத்து.

"வென்றோம்! குளத்து மைதானம் பூங்காவாகவே இருக்கும். ஆணையருக்கு நெஞ்சார்ந்த நன்றி!" என்றது தலைப்பு.

ஆணையர் முடிவு சொல்லப்போகிற கூட்டமோ மதியம் மூன்று மணிக்குத்தான்.

அது நிலவடிவமைப்பாளர் சங்கம். பூங்காவும் நடைபாதையும் எப்படி அமைய வேண்டும் என்று வரைந்து கொடுப்பவர்கள். ஊரார் அவர்களைத் தோட்டக்காரர்கள் என்று நினைப்பதும், 'இல்லை' என்று அவர்கள் விளக்குவதுமாகவே சங்கத்தின் பாதி ஆயுள் போய்விட்டது. மீதியைக் குளத்து மைதானம் தின்றது. அங்கே ஒரு சின்னக் குளம், சுற்றிலும் பதினோரு பெரிய மரங்கள். எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டத் திட்டம். மூன்று வருஷத்தில் செயலாளர் பதினேழு மனு எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்த மரங்களில் ஒன்று சாய்ந்தாலும் மனிதர் தாங்கமாட்டார்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தக் காரியமானாலும் முன்கூட்டியே இரண்டு கடிதம் எழுதி வைத்துவிடுவார்: நடந்தால் ஒன்று, நடக்காவிட்டால் ஒன்று. செய்திமடலும் அப்படித்தான், 'வென்றோம்' ஒன்று, 'வருந்துகிறோம்' ஒன்று. வாலிபத்தில், கூட வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணத்துக்குக் கேட்டுக் கடிதம் எழுதியபோதும், அவள் சரி என்றால் கொடுக்க ஒரு நன்றிக் கடிதம், மாட்டேன் என்றால் கொடுக்க ஒரு 'பரவாயில்லை' கடிதம் என்று மூன்றையும் ஒரே மாதிரி உறைகளில் போட்டு ஒட்டிவிட்டார். ஒன்றை அவள் மேஜையில் வைத்தார். மறுநாள் அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். மிச்ச இரண்டையும் பிரித்துக்கூடப் பாராமல் கிழித்துப் போட்டார்.

அப்படி வந்த மனைவிதான் இப்போது தொலைபேசியில்.

"என்னங்க, குரலே சரியில்லை?"

"அனுப்பக் கூடாத கடிதத்தை அனுப்பிட்டேன்."

"எது, நன்றிக் கடிதமா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா கேட்டேன். சாப்பிட்டீங்களா?"

சாப்பாடாவது ஒன்றாவது! செயலாளர் சங்கத் தலைவரை அழைத்தார்.

"பிரமாதம்! இப்பத்தான் ஆணையருக்கு போன் போட்டு நன்றி சொன்னேன்!" என்றார் தலைவர்.

"ஐயையோ! அவர் என்ன சொன்னார்?"

"ரொம்ப நேரம் பேச்சே வரலை. நெகிழ்ந்துட்டார்போல."

செயலாளருக்கு வியர்த்தது. முடிவெடுக்கும் முன்பே முடிவை அறிவித்தால் எந்த அதிகாரிக்குத்தான் கோபம் வராது? அவசரமாக எல்லா உறுப்பினருக்கும் இன்னொரு செய்தி அனுப்பினார்: "முந்தைய செய்தியை நம்பவேண்டாம்."

அங்கேதான் சனி பிடித்தது.

"நம்ம செயலாளர் மூணு வார்த்தையில நிறுத்துற ஆளா? இது கார் நிறுத்துமிடக்காரங்க வேலை!" என்று ஓர் உறுப்பினர் துப்பறிந்தார். முந்நூற்று நாற்பது பேருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆணையர் மனசு மாறுவதற்குள் நேரிலேயே போய் நன்றி சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று.

இரண்டரை மணிக்குச் செயலாளர் ஆணையர் அலுவலகத்துக்கு ஓடினார். சட்டைப்பையில் மன்னிப்புக் கடிதம், வழக்கம்போல் இரண்டு. நடைவழியில் கால் வைக்க இடமில்லை. மாலை வாங்கி வருகிற கூட்டமா அது? ஆளுக்கொரு தொட்டிச் செடி.

"வெயில் கேக்குற செடியை யாருய்யா இருட்டு மூலையில வெச்சது?"

"உங்க செடி மட்டும் என்ன? அதோட வேர் பத்து வருஷத்துல இந்தச் சுவரையே பிளந்துடும்!"

"பிளக்கட்டும். சுவர் அவ்வளவு நல்லா இல்லை."

ஆணையரின் உதவியாளர் செயலாளரைப் பிடித்துக்கொண்டார். "தோட்டக்காரர்தானே? இதையெல்லாம் ஓரமா எடுத்து வைங்க. ஆணையர் கூட்டத்துக்குப் போயாச்சு."

வாழ்நாளில் முதல்முறையாகச் செயலாளர் 'இல்லை' என்று விளக்கவில்லை. தொட்டிகளை நகர்த்தினார். பதினோரு மரங்களும் தன்னால்தான் போகப்போகின்றன என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றையும் சுவரோரம் வைத்தார்.

நாலு மணிக்கு ஆணையர் வந்தார். செடிகளுக்கு நடுவே வழி தேடி நடந்து, செயலாளர் முன் நின்றார்.

"பதினேழு மனு எழுதினது நீங்கதானா?"

"ஆமாங்க. ஐயா, காலையில வந்த செய்தி..."

"முன்னாடியே வந்துடுச்சு. தெரியும்." ஆணையர் பெருமூச்சு விட்டார். "இருபத்தாறு வருஷமா என் மேஜைக்கு மனுதான் வந்திருக்கு. மனு வந்தா எங்க தள்ளி வைக்கணும்னு தெரியும். நன்றி வந்தா எங்க வைக்கிறதுன்னு தெரியலை. காலையிலேருந்து யோசிச்சுப் பார்த்தேன். கடைசியில கையெழுத்துப் போட்டுட்டேன். குளமும் மரமும் அப்படியே இருக்கட்டும்."

செயலாளருக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு மன்னிப்புக் கடிதங்களையும் பைக்குள்ளேயே கசக்கினார்.

வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே ஆரம்பித்தார். மனைவி சோறு போட்டபடி முழுவதையும் கேட்டாள்.

"பதினேழு தடவை கேட்டேன், நடக்கலை. கேட்காம நன்றி சொன்னேன், நடந்துடுச்சு!" என்றார் செயலாளர். "என் ஆயுசுக்கும் இப்படி ஒரு கடிதத்தை மாத்தி அனுப்பினதே இல்லை தெரியுமா?"

"அனுப்பியிருக்கீங்க."

"யாருக்கு?"

மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"அன்னிக்கு என் மேஜையில நீங்க வெச்சது நன்றிக் கடிதம்ங்க. கல்யாணத்துக்குக் கேட்ட கடிதம் இன்னிவரைக்கும் எனக்கு வரலை."