நாலு செக்கன் முகம்

“இது எங்க மாமியாரேதான், மிஸ்!” என்றாள் பவுலின்.

“ஏன்டி, என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? இது நான்!” என்றாள் வீரம்மா.

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில், ஒரு முகத்தை மடிக்கணினித் திரையில் நிறுத்தி வைத்து உட்கார்ந்திருந்த வினோதாவுக்குத் தலை சுற்றியது. பல்கலைக்கழகத்தில் நாடகமும் சினிமாவும் படிப்பிப்பவள். இலங்கைப் படங்கள் யாரையெல்லாம் நம்மவர் என்று காட்டின என்பதுதான் அவளுடைய ஆய்வு. அதற்காக நூற்றுப்பத்துப் பழைய படங்களைப் பார்த்திருந்தாள். மலையகத் தோட்டத் தமிழர் வந்ததெல்லாம் பாட்டுக்குப் பின்னால், தூரத்தில், புள்ளிபுள்ளியாக. ஒரே ஒரு படத்தில், நாற்பது வருஷத்துக்கு முன் இதே தோட்டத்தில் எடுத்ததில், கூடையோடு ஒருத்தி நாலு செக்கன் கொழுந்து பறித்தபடி நேரே கமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றி வினோதா முப்பது பக்கம் எழுதியிருந்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைப் போடாமல் புத்தகத்தை அச்சுக்குக் கொடுப்பதில்லை என்று பிடிவாதமாக நின்றாள்.

“சண்டை வேணாம். படத்துல இருக்கவங்களுக்கு இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கு,” என்றாள்.

அவ்வளவுதான். பதினொரு பெண்கள் பதினொரு தழும்போடு வந்து நின்றார்கள்.

“தேயிலைக் குச்சி கிழிக்காத புருவம் இங்க யாருக்கு மிஸ் இருக்கு?” என்றாள் பவுலின்.

“சரி, படத்தையே ஓட்டுறேன். ஆள் அசையிறதப் பார்த்தா தெரிஞ்சிரும்.”

எல்லாத் தலைகளும் திரைக்குமேல் கவிந்தன. நாலாவது செக்கனில் வீரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அட கருமமே! முத்தல் இலையெல்லாம் சேர்த்து உருவுது! நான் இல்ல மிஸ், சத்தியமா நான் இல்ல!”

“கூடைக் கயிறு தலையில இல்ல, கழுத்துல கெடக்கு! எங்க மாமியார் இப்பிடியா மாட்டுவாங்க?” பவுலினும் கழன்றுகொண்டாள்.

கண்மூடித் திறப்பதற்குள் பதினொரு தழும்பும் பின்வாங்கிவிட்டன.

“சினிமாவுல வர்ற பேர இப்பிடி விட்டுட்டீங்களே?” என்றாள் வினோதா.

“சினிமா கெடக்கு மிஸ். காலையில பெரட்டுக்களத்துல பேர் கூப்பிடுறப்ப, நாலு பேர் மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது?” என்றாள் வீரம்மா.

‘தேயிலையோடு பேசும் விரல்கள்’ என்று பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியது வினோதாவுக்கு நினைவு வந்தது. காது சூடாகியது. ஆனாலும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது. தான் மூன்று வருஷம் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தும் தெரியாததை, இவர்கள் நாலு செக்கனில் கண்டுபிடித்துவிட்டார்களே! கொப்பியைத் திறந்து வீரம்மா, பவுலின் இரண்டு பேர் பெயரையும் நன்றிப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டாள்.

“அப்ப படத்துல இருக்கறது யாருதாங்க?” என்றாள், சோர்ந்துபோய்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் செல்லசாமி, தேத்தண்ணிக் கோப்பையை அவளிடம் நீட்டினார்.

“அன்னைக்குக் கொழுந்து சாஸ்திங்க மிஸ், மலையில வேலை பாக்க வைக்கிற கண்டாக்கு ஐயா படம் புடிக்கப் பொம்பளைங்க ஒருத்தரையும் வேலையில இருந்து விடல, அதனால மீசைய எடுத்துட்டு நான்தான் சேலையக் கட்டிக்கிட்டேன்.”