டிரைவரோடு சேர்த்து

சௌந்திரத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் என் தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கார் ஷெட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது நாற்காலியில் சாய்ந்திருந்தாள். தூக்கம் என்று நினைத்தேன்.

ஐம்பது கிலோகூட இல்லாத ஒருத்தியின் இதயம் நிற்கும் என்று எங்கள் தெருவில் யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். துக்கம் கேட்க வந்த சிலர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் நான் தொண்ணூற்றாறு கிலோ.

அது எப்படிக் குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஒரு காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தேன். கண் ஒத்துழைக்காமல் போய் வேலையை விட்டதும், திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்த ஒருவரிடம் ஒரு பழைய காரை வாங்கினேன். சிவப்பு. இரண்டே கதவு. ஸ்போர்ட்ஸ் மாடல். அவருடைய மகன் ஓட்டியது. மகன் வெளிநாடு போன பிறகு அதில் கோழி அடைத்திருந்தார்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே சபதம் செய்தேன். இதை என் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் எங்கும் நிற்காமல் ஏறிக் காட்டுவேன். சபதத்துக்குச் சாட்சி சௌந்திரம் ஒருத்திதான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, மேல போயி என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணல. ஏறோணும்."

"பஸ்ஸு போகுதுங்களே."

"பஸ்ஸு வேற, ஸ்போர்ட்ஸ் காரு வேற."

"ஆமாங்க. பஸ்ஸுல கோழி வாசம் அடிக்காது."

சிறிது நேரம் கழித்து அவளே ஒரு சட்டமும் போட்டாள். "புதுசா ஒரு சாமான் வாங்கிப் போடக் கூடாதுங்க. இருக்கறத வெச்சு என்ன வேணாலும் பண்ணிக்குங்க."

இருந்ததெல்லாம் ஷெட்டில் கிடந்த லாரி இரும்பு. லாரி பாடி கட்டுகிறவனுக்குத் தெரிந்த ஒரே கலை, எதையும் உடையாமல் செய்வது. காரின் பின்னால் சிறகு மாதிரி ஒரு ஸ்பாய்லர் செய்து வெல்டு வைத்தேன். சௌந்திரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். அசையவில்லை. மறுநாள் அதில் வடகம் காயப்போட்டாள்.

முதல் முயற்சி அடுத்த ஞாயிற்றுக்கிழமை. காரவள்ளி அடிவாரத்தில் கற்பூரம் காட்டிவிட்டுக் கிளம்பினோம். ஒன்பதாவது வளைவில் என்ஜின் இருமியது. பதினொன்றில் நின்றது. சௌந்திரம் இறங்கி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். எங்களை ஒரு டவுன் பஸ் தாண்டிப் போனது. அதிலிருந்து யாரோ கை காட்டினார்கள். அவளும் பதிலுக்குக் காட்டினாள்.

அதே வாரம் எனக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் வித்யா சோதித்துப் பார்த்தார். சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் மூன்றும் இருக்கிறது, இதயம் களைத்துப்போயிருக்கிறது என்றார். "இருபது கிலோ குறைச்சாகணும்ங்க. இல்லேன்னா அடுத்த தடவ நீங்க நடந்து வர மாட்டீங்க, தூக்கிட்டுத்தான் வருவாங்க."

"எங்க குடும்பமே கனத்த ஒடம்புங்க" என்றேன்.

"உங்கப்பா எந்த வயசுல தவறுனாரு?"

வெளியே வந்ததும் பரோட்டாக் கடைக்குள் நுழைந்தேன். சௌந்திரம் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்தால் வேறு ஏதோ செய்யப்போகிறாள் என்பது இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் இன்னொரு கரண்டி சால்னா கேட்டேன்.

என் கவலையெல்லாம் காரைப் பற்றித்தான். யோசித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. என்ஜின் சின்னது, சுமை பெரியது. என்ஜினை மாற்ற முடியாது. சுமையைக் குறைக்கலாம். ஸ்பாய்லரை அறுத்தேன். பின் சீட்டைக் கழற்றினேன். ஏ.சி., ஸ்டீரியோ, ஸ்டெப்னி டயர் எல்லாம் வெளியே வந்தன. ஸ்டெப்னி இருந்த பள்ளத்தைத் துடைத்து, மேலே பாயை விரித்து டிக்கியை மூடினேன்.

கழற்றுவதற்கு முன்பு ஒரு முறை எடை போட்டிருந்த காளியண்ணனிடம் மறுபடி போனோம். திருச்சி ரோட்டில் லாரிகளை எடை போடும் மேடை வைத்திருந்தான். சௌந்திரத்துக்கு அண்ணன் முறை. காரை மேடையில் நிறுத்திவிட்டு வழக்கப்படி இறங்கினேன். எடை போடும்போது டிரைவர் இறங்கிவிட வேண்டும். லாரிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான்.

"எண்ணூத்தி நாப்பது" என்றான் காளியண்ணன். "முன்னைக்கு எம்பது கிலோ கம்மி மாப்ளே. பரவால்லியே."

நான் மீசையைத் தடவினேன். சௌந்திரம் மேடையைச் சுற்றி வந்தாள்.

"ஏனுங்க, எதுக்கு எறங்குனீங்க?"

"டிரைவர் எறங்கோணும் சௌந்திரம். அதான் மொறை."

"மலைக்குப் போறப்பவும் எறங்கிக்குவீங்களா?"

காளியண்ணன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "அம்மிணி கேக்கறது நாயந்தானே மாப்ளே. ஏறி உக்காரு."

உட்கார்ந்தேன். கார் கொஞ்சம் பெருமூச்சு விட்டது.

"தொள்ளாயிரத்தி முப்பத்தஞ்சு."

"பாத்தீங்களா" என்றாள் சௌந்திரம். "கழட்டுனதையெல்லாம் நீங்களே மறுபடி மாட்டிட்டீங்க."

ஆத்திரமாக வந்தது. ஆனால் கணக்கில் தப்பு இல்லை. அந்தக் காரிலேயே பெரிய பாகம் நான்தான்.

"எவ்வளவுக்கு வந்தா ஏறும்?" என்று கேட்டாள்.

"தொள்ளாயிரம். டிரைவரோட சேத்து."

"சரிங்க. அதுவரைக்கும் மலைப் பேச்சு வேண்டாமுங்க."

அன்று இரவே வேலை தொடங்கியது. டாக்டர் சொன்ன கம்பங்களியும் கீரையும் தட்டுக்கு வந்தன. டாக்டருக்காக என்றால் தொட்டிருக்க மாட்டேன். இது காருக்காக. இட்லி மூன்றாகக் குறைந்தது. காபியில் சர்க்கரை நின்றது. விடியற்காலையில் எழுந்து மோகனூர் ரோட்டில் நடந்தேன். எதிரில் வந்தவர்கள் உடம்பு சரியில்லையா என்றார்கள். வண்டியை மாடிஃபை பண்றேன் என்றேன். அப்புறம் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

மாதம் ஒரு முறை எடை போட்டோம். முதல் மாதம் தொள்ளாயிரத்தி முப்பத்தைந்து. இரண்டாம் மாதமும் அதே. மூன்றாம் மாதம் கதவின் உள்பக்க அட்டைகளைக் கழற்றிய பிறகு தொள்ளாயிரத்தி முப்பது.

"உன்ர மேடைல ஏதோ கோளாறு" என்றேன்.

"நாப்பது டன்னு லாரி ஏறி எறங்குது, ஒருத்தனும் சொல்லல. நீ சொல்ற" என்றான் காளியண்ணன். அவனுக்கு உண்மையிலேயே வருத்தம்.

பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. சௌந்திரம்தான் ஊசியைக் காய்ச்சிப் போட்டுக்கொடுத்தாள். ஒவ்வொரு ஓட்டைக்கும் சந்தோஷப்பட்டாள். நான் இளைக்கிறேன், கார் இளைக்கவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்தேன். நானாகப் படித்துத் தெரிந்துகொண்ட விஞ்ஞானத்தில் இதற்கு விடை இருந்தது. துரு. இரும்பு துருப்பிடித்தால் எடை கூடும்.

"காரு துருவேறி கனம் ஏறுது சௌந்திரம்."

"இருக்குமுங்க" என்றாள். "கோழி இருந்த வண்டி பாருங்க."

அடியில் படுத்து இரண்டு வாரம் துருவைச் சுரண்டினேன். அதிலும் வியர்த்தது. பெல்ட்டுக்கு இன்னொரு ஓட்டை. காரின் எடை மாறவில்லை.

தை மாதம் அவளே சொன்னாள். "போதுமுங்க. டாக்டரைப் பாத்துட்டு மலைக்குப் போலாம்."

"தொள்ளாயிரம் ஆகலியே."

"ஆன வரைக்கும் சரி."

டாக்டர் வித்யா என்னை எடை மெஷினில் ஏற்றினார். எழுபத்து நான்கு. ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "எப்படிங்க?" என்றார். நான் காரைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். சௌந்திரம் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

மறுநாள் கொல்லிமலை. பதினொன்றாவது வளைவைத் தாண்டினோம். முப்பதைத் தாண்டினோம். ஐம்பதைத் தாண்டினோம். எழுபதாவது வளைவின் பலகையைப் பார்த்ததும் ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன். எங்கும் நிற்கவில்லை.

செம்மேட்டில் ஒரு பலாப்பழம் வாங்கினேன். "டிக்கில வேண்டாமுங்க, மடில வெச்சுக்கறேன்" என்றாள்.

"இவ்வளவு பெரிசு, மடில வெக்கறதா?" நான் டிக்கியைத் திறந்து பழத்தைப் பாயின்மேல் போட்டேன். அடியில் 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. வெறும் பள்ளத்தில் அப்படிக் கேட்காது. பாயைத் தூக்கினேன்.

ஸ்டெப்னி இருந்த பள்ளத்தில் லாரி ஸ்பிரிங்கின் இரும்புப் பட்டைகள் அடுக்கியிருந்தன. என் ஷெட்டில் கிடந்தவைதான். கோணி போட்டுச் சுற்றி, ஆடாமல் கட்டியிருந்தது.

"என்ன இது?"

"பட்டைங்க."

"எப்ப வெச்ச?"

"பெல்ட்டுக்கு ஓட்டை போடறப்பல்லாம் ஒண்ணு வெச்சனுங்க."

நான் டிக்கி விளிம்பில் உட்கார்ந்தேன். மனசுக்குள் கூட்டிக் கழித்தேன். நான் இருபத்திரண்டு கிலோ இறங்கியிருந்தேன். கிட்டத்தட்ட அவ்வளவு இரும்பு ஏறியிருந்தது.

"அப்ப இந்தக் காரு அன்னிக்கே ஏறியிருக்கும்."

"காரு ஏறியிருக்குமுங்க" என்றாள். "நீங்க ஏறியிருக்க மாட்டீங்க."

"நேரா சொல்லியிருக்கலாமே."

"டாக்டர் நேராத்தானுங்க சொன்னாங்க. நீங்க பரோட்டாக் கடைக்குப் போனீங்க."

பலாப்பழம் கீழே வரும்வரை அவள் மடியில்தான் இருந்தது.

சௌந்திரம் போய் இரண்டு வருடம் ஆகிறது. கார் ஷெட்டில் நிற்கிறது, பேட்டரி இறங்கிவிட்டது. நான் எழுபத்திரண்டு கிலோ இருக்கிறேன்.