தோணிதூக்கியின் வயிற்றில் என் பல்

சண்டைக் காலத்தில் மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் எத்தனையோ படைகள் இருந்தன. ஆனால் ஒரு முழுப் படையையும் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டி, திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டு திரிந்தவர் எங்கள் பல்லுக்கட்டி அண்ணன் ஒருவர்தான். உலகத்துக்கு ஆபத்து வந்தால் லாச்சியை இழுத்தால் போதும் என்று அந்த மனிதர் மெய்யாகவே நம்பினார். சும்மா சொல்லவில்லை, கூட இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

தொழில், பொய்ப்பல் கட்டுவது. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கடைப் பலகையில்கூட ஒரு பல் செற்றின் படம்தான் இருந்தது. தொழில் எல்லாம் காலையில். மத்தியானச் சோறு தின்று எழும்பியதும் ஆள் மாறிவிடுவார். வளைகுடாவுக்குப் போன காத்தான்குடிக்காரர்கள் கொண்டுவந்த படப்புத்தகங்களை விரித்து வைத்து, அங்கி பறக்க நிற்கும் வீரர்களைப் பார்த்துப் பார்த்து, பல்லுக்கு வைக்கிற மெழுகிலேயே உருவம் செதுக்குவார். பிறகு சாந்தில் அச்சு எடுத்து, செற்றுக்குப் போடுகிற அதே பிளாஸ்டிக்கை உள்ளே அடைப்பார். அது பல்லைப் பிடிக்கிற ஈறு, எங்கள் பேச்சில் முரசு, அதன் நிறத்தில்தான் வரும். ஆகவே அவருடைய லாச்சிப் படை வீரர்கள் எல்லோருமே இளஞ்சிவப்பு முரசாக நின்றார்கள்.

பிள்ளைகள் உடைத்து எறிந்த வெளிநாட்டுப் பொம்மை அகப்பட்டாலும் விடமாட்டார். கை போனவனுக்கு வாவி நண்டின் கை. அங்கி கிழிந்தவனுக்கு வீச்சுவலைத் துண்டில் புது அங்கி. முழங்கால் மடங்குவதற்கு சைக்கிள் ரியூப் ரப்பர். வல்லமையையும் ஊருக்கு ஏற்றபடி மாற்றிவிடுவார். ஒருவன் மண்ணெண்ணெய் இல்லாமலே விளக்கு எரிப்பான். இன்னொருவன் சோதனைச் சாவடியில் வரிசைக்கு நிற்காமல் மறுபக்கத்தில் போய்த் தோன்றுவான். எங்களுக்கு வேறு என்ன வல்லமை வேண்டியிருந்தது, சொல்லுங்கள்.

பல்லுக்கு அளவு கொடுக்கப் போனவர்கள் பாடுதான் பெரும்பாடு. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், வாய் நிறைய அச்சுக் களியோடு கதிரையில் இருக்கிறார். அண்ணன் அவரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

"சேர், வாய அசைக்காதீங்க. எழும்பி வலக்கைய மட்டும் மேல தூக்குங்க. இன்னும் கொஞ்சம். முகில் ஒண்டப் பிடிக்கப் போற மாதிரி."

ஒரு பள்ளிக்கூடத்தையே பிரம்பால் ஆண்ட மனிதர், மறுத்துப் பேச வாய் இல்லாமல், களி இறுகும்வரை முகில் பிடித்துக்கொண்டு நின்றார். களி வெளியே வந்த பிறகு அவர் சொன்னவற்றை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

அச்சை வெந்நீரில் போட்டு அவிக்கவேண்டும். அதற்கு அண்ணனின் மனைவி சோறு ஆக்குகிற பானையை விட்டால் வேறு பானை இல்லை.

"இஞ்சேருங்க, பானைக்குள்ள ஆரு கிடக்கிறது?" என்று அக்கா குசினிக்குள்ளிருந்து கேட்பார்.

"தொடாத புள்ள. அவன் இன்னும் அரை மணித்தியாலம் அவியணும்."

அன்றைக்கு அந்த வீட்டில் சோறு இல்லை, கடைப் பாண்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒரு நாள் ஹெலியின் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் பாய்ந்தேன். நான் உள்ளே போய்விட்டேன். மேல்வரிசை முன்பல் நாலும் வாசல் மரக்குற்றியோடு நின்றுவிட்டன. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்களே, அது அனுபவித்தவன் சொன்ன சொல். சோறு கேட்டால் சொல்லைவிடக் காற்றுத்தான் கூடுதலாக வந்தது. சோறு கிடக்கட்டும். செங்கலடியில் ஒரு ரீச்சரை எனக்குப் பேசி, என் சிரித்த படமும் அங்கே போய், ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் மூன்று இடத்தில் தட்டிப்போனவன் நான். "சிரிப்பு நல்லா இரிக்காம் எண்டு பிள்ளை சொன்னது" என்று தரகர் வேறு சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பு பங்கர் வாசலில் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் ஆறு பல் பதித்த அட்டை ஒன்றை எடுத்து, என் மிச்சப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உன்ட நிறத்தில இது ஒண்டுதான் கிடக்கு, மனே. கொழும்புப் பாதையும் பூட்டு. நீ பயப்படாத. வியாழக்கிழமை வா."

வியாழக்கிழமை போனேன். ஆள் வாசலிலேயே நிற்கிறார். கண் இரண்டும் மின்னுகின்றன.

"வா, வா, கெதியா வா. முடிஞ்சுது," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மேசையில் இருந்த துணியை விலக்கினார்.

ஒரு சாண் உயரத்தில் தோணிதூக்கி நின்றான். மூன்று வருடமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தவன். பாலத்தைப் பூட்டினால் சனத்தைத் தோணியோடு தூக்கி அக்கரையில் வைக்கப் பிறந்தவன். தலைக்கு மேலே தோணி, புடைத்த தோள், தண்ணீருக்குள் ஊன்றிய கால். சத்தியமாகச் சொல்கிறேன், வந்த காரியத்தை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வயிற்றுத் தசை தனித்தனியாகப் பளபளத்தது. அது மட்டும் முரசு நிறத்தில் இல்லை. வெள்ளையாக இருந்தது.

எண்ணினேன். ஆறு.

"அண்ணே, இது என்ட பல்லு."

"ஓம்," என்றார், என் கண் கூர்மையை மெச்சுகிறவர் மாதிரி. "மூணு வருசமா வயிறு மட்டும் சரி வரல்ல. அட்டை மேசையில கிடந்திச்சு, கை தானா எடுத்திட்டு. பாரன், எப்பிடிப் பொருந்தியிரிக்கு எண்டு."

"ஞாயிற்றுக்கிழமை நான் பொம்பிளை பாக்கப் போகணும்."

"மறுகா வேற அட்டை வரும்தானே."

"பாதை பூட்டு எண்டு நீங்கதானே சொன்னீங்க. உங்கட வீரனக் கொழும்புக்குப் பறந்து போய் வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

கேலி எல்லாம் அவருக்கு ஏறாது. நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"இவன் நீந்துறவன். பறக்கிறவன்ட பெயின்ற் இன்னும் காயல்ல."

பிறகு அலுமாரியைக் கிளறி வேறொரு அட்டை எடுத்து வந்தார். சுருட்டுக் குடிக்கிறவர்களுக்கென்று வைத்திருந்த மஞ்சள். உதட்டடியில் பிடித்துக் கண்ணாடியைப் பார்த்தேன். என் வாய்க்குள்ளிருந்து ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார். அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

"அந்தப் பிள்ளை என்ட சிரிப்பைப் பாத்துத்தான் ஓம் எண்டது, அண்ணே," என்றேன். சண்டை பிடிக்க வந்தவனின் குரல் எப்படியோ கெஞ்சலாகிவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். தோணிதூக்கியைப் பார்த்தார். பல்லும் உடம்பும் ஒரே சாதிப் பிளாஸ்டிக். அவிந்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், உடைக்காமல் கழற்ற முடியாது. அது எனக்கும் தெரியும். தையல் மெசின் மிதியில் பூட்டிய சுழல் அரத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்தார்.

"அவன்ட காலப் பிடி," என்றார்.

பிடித்தேன். அவர் தோணிதூக்கியின் காதடிக்குக் குனிந்து, கதிரையில் இருக்கிற எல்லோருக்கும் சொல்கிற அதே குரலில், "கொஞ்சம் பொறுத்துக்க மனே, இந்தா முடிஞ்சுது," என்றார். மூன்று பல் வந்தன. நாலாவது வரும்போது உடம்பு இடுப்போடு இரண்டாகப் பிளந்தது. தோணி உருண்டு மேசைக்குக் கீழே போயிற்று. அவர் குனிந்து எடுக்கவில்லை. மூக்கை உறிஞ்சினார், தூசி என்றார். நான் வந்திருக்கவே கூடாது என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை பல் வாய்க்குள் ஏறியது. என் சொந்தப் பல்லைவிட அழகு. ஆனால் அண்ணத்தில் நாக்குப் படுகிற இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு. கழற்றிப் பார்த்தேன். நகத்தளவில், தலைக்கு மேலே தோணியைத் தூக்கியபடி ஒருவன் நின்றான்.

"என்னண்ணே இது?"

"அவன்ட பல்லுத்தானே மனே. அவனும் ஒருக்கா வந்து பொம்பிளையப் பாக்கட்டுமே."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவருமாகப் போனோம். ரீச்சருக்கு எங்களைப் பிடித்துவிட்டது.

அண்ணன் காலமாகி வருடங்களாகிவிட்டன. அந்தச் செற்றும் தேய்ந்து வெடித்து, இப்போது என் வாயில் இருப்பது வேறொருவர் கட்டிய பல். வழுவழுப்பானது, ஒரு குறையும் சொல்ல முடியாது. என்றாலும் சும்மா இருக்கும் நேரமெல்லாம் நாக்கு அண்ணத்தில் போய் அவனைத் தேடுகிறது.