சங்கத்துப் பெட்டியில் பூட்டிய வெப்சைட்

கம்ப்யூட்டர் படித்த பெண் ஒருத்தி இருக்கிற வீட்டில், மிக்ஸி ஓடாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நானும் மறுத்ததில்லை. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே கிடையாது. அந்தத் திமிரில் எங்கள் மக்ரூன் கடையின் வெப்சைட்டையே தொலைத்த புண்ணியவதி நான்.

தூத்துக்குடியில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய கடை அது. பாகம் பிரித்தபோது அடுப்பு, தட்டு, கண்ணாடி அலமாரி எல்லாம் சுமுகமாகப் பிரிந்தன. கடைப் பெயர் அப்பாவுக்கு. அதே பெயரிலிருந்த இணைய முகவரி மட்டும் சித்தப்பா பேரில் பதிவாகியிருந்தது. கிறிஸ்துமஸ் ஆர்டர் முழுக்க அது வழியாகத்தான் வரும். அதனால் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

"அஞ்சு நிமிஷ வேலைப்பா" என்று சொல்லி, முகவரியை, அது பதிவாகியிருந்த கம்பெனியிலிருந்து வேறு கம்பெனிக்கு, அப்பா பேரில் மாற்ற மனுப் போட்டேன். சித்தப்பா சம்மதிக்கவில்லை. பழைய கம்பெனியைக் கேட்டால் புதுக் கம்பெனிதான் பார்க்க வேண்டும் என்றது. புதியது, பழையதைக் கேள் என்றது. விடாமல் நச்சரித்ததில், வெளிநாட்டில் இதற்கென்றே நடுவர்கள் இருக்கிறார்கள், அங்கே போ என்றார்கள். (எங்கள் சித்தப்பாவுக்கு விளாத்திகுளம் போனாலே பஸ் ஒத்துக்காது.)

"அப்ப இத யாருளா தீர்க்கணும்?" என்றார் அப்பா.

தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "நம்ம வியாபாரிகள் சங்கம்தான்" என்றேன்.

சங்கத் தலைவர் பாத்திரக் கடை அண்ணாச்சி. எந்தக் கடைத் தகராறுக்கும் அவரிடம் ஒரே மருந்து: சமரசம் ஆகும்வரை கடையைப் பூட்டி, சாவியைச் சங்கத்தில் வைத்துவிடுவார்.

"சாமான் எங்கன இருக்கு?"

"நெட்டுல இருக்கு, அண்ணாச்சி."

"பூட்டு உண்டா?"

"பாஸ்வேர்டு உண்டு."

"அப்ப அத எழுதிக் கொண்டா. பொதுவா இங்கன கெடக்கட்டும்."

சங்கத்தின் பேச்சைச் சித்தப்பா தட்டவில்லை. நானோ, யாரும் மனப்பாடம் பண்ணிவிடக் கூடாதென்று வாயில் நுழையாத புதுப் பாஸ்வேர்டு போட்டேன். (எனக்கும் நுழையவில்லை.) கடை மெயிலுக்கும் அதே பூட்டு. காகிதம் இரும்புப் பெட்டிக்குள் போனது. பெட்டிக்கு இரண்டு சாவி, அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். அண்ணாச்சி எனக்குத் துண்டு போர்த்தினார். நானும் வெட்கமில்லாமல் போட்டோவுக்கு நின்றேன்.

இணைய முகவரியை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்பது எனக்கு நினைவே இல்லை. நினைவூட்டல்கள் எல்லாம் ஒழுங்காக வந்திருக்கின்றன, பெட்டிக்குள் நான் பூட்டிய அதே மெயிலுக்கு!

ஒரு நாள் வெப்சைட் திறக்கவில்லை. அலறிக்கொண்டு ஓடினேன்.

"மொதல்ல அவன் சாவியோட வரட்டும்" என்றார் அப்பா.

"மூத்தவிய அவியதான? அவிய வரட்டும்" என்றார் சித்தப்பா.

இருவரையும் சங்கத்துக்கு இழுத்து வருவதற்குள் ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கிவிட்டது. பெட்டி திறந்தது, காகிதம் பத்திரமாக இருந்தது. முகவரியைத்தான் வேறு எவனோ வாங்கிவிட்டான். கடைப் பெயரை அடித்தால், வழுக்கைத் தலைக்கு விக் விற்கும் பக்கம் வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் சுத்த வழுக்கை.

"ஏலே, இது என்னலே?" என்றார் அப்பா.

"எல்லாம் ஒங்க மக செஞ்ச வேலைதான், அண்ணன்."

பாகப் பிரிவினைக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். அடுத்த அரை மணி நேரம் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். பிறகு ஒரே மேஜையில் உட்கார்ந்து, பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் அப்படித்தான் தப்பியது.

இன்றும் வீட்டில் டிவி ரிமோட்டுக்குச் சண்டை வந்தால் சித்தப்பா முந்திக்கொள்வார்: "அவ கையில மட்டும் கொடுத்துராதிய, சங்கத்துல கொண்டு வச்சிருவா!"

அப்பா தலையைத் தடவிக்கொண்டே சிரிப்பார்.