வத்தக்குழம்புக்கு ஏற்ற ஒயினும் அய்யாதுரையின் சட்டையும்

மனித குலம் நாகரிகத்தில் எடுத்து வைத்த பெரிய அடிகளைப் பற்றி யாராவது எழுதப் புகுந்தால், நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடத்தை மயிலாப்பூர் 'கற்பக நிழல்' அடுக்ககத்தின் இரண்டாவது மாடிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். கைக்கு எட்டுகிற விலையில் உள்ள ஒயினை அன்றாடச் சாப்பாட்டோடு நண்பர்கள் கூடி ரசிப்பது என்னும் தத்துவம் அங்கேதான், வேதாந்தம் வீட்டுக் கூடத்தில், வாழைக்காய்ப் பொடிமாஸ் முன்னிலையில் உதித்தது.

வேதாந்தம் வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். அடுக்ககச் சங்கத்தின் தலைவர். வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் குடித்ததில்லை என்பதில் அவருக்கு நியாயமான பெருமை உண்டு. ஒயின் குடியில் சேராது. இதை 'ரசனை வட்டம்' தனது முதல் கூட்டத்திலேயே ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது.

வட்டத்தில் அவரைத் தவிர இரண்டு பேர். ஒருவர் மேல் மாடி சுந்தரராமன், வருமான வரி ஆலோசகர். இன்னொருவர் எதிர் வீட்டு பரத்வாஜ், மென்பொருள் இளைஞர். இணையத்தில் ஒயின் வகுப்பு படித்து, சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியவர். வத்தக்குழம்புக்குச் சிவப்பு, மோர்க்குழம்புக்கு வெள்ளை என்று வகுத்தவர் அவரே. உப்புமாவுக்கு எந்த ஒயினும் உதவாது என்று ஆராய்ச்சி பூர்வமாக நிறுவியவரும் அவரே.

ஒயின் வாங்கக் கடை வரிசையில் போய் நிற்க முடியாது. அங்கே குடிகாரர்கள் நிற்பார்கள். ஆகவே சனிக்கிழமைதோறும் வாட்ச்மேன் அய்யாதுரை சைக்கிளில் போய், பாட்டிலை மஞ்சப்பையில் போட்டு, மேலே கீரைக்கட்டு வைத்து மறைத்துக் கொண்டுவருவார். வட்டத்தின் 'கொள்முதல் பிரிவு' என்று அவரைச் செல்லமாகச் சொல்வார்கள்.

வேதாந்தத்தின் மனைவி ஜானு தத்துவங்களில் தலையிடுவதில்லை. அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை.

"எச்சில் பண்ணாம, தூக்கிக் குடிக்கறதா இருந்தா ஆத்துல குடிங்கோ. இல்லேன்னா மொட்டை மாடிக்குப் போங்கோ. அந்தக் கண்ணாடிக் கிளாஸெல்லாம் நான்தான் அலம்பியாகணும்."

பரத்வாஜ் இதையும் கொள்கையாக்கிவிட்டார். "மாமா, உசரத்துலேந்து விழறச்சே ஒயின் நன்னா மூச்சு விடறது. வெளிநாட்டுல இதுக்குன்னு தனியா ஜாடி வெச்சிண்டிருக்கா. நமக்கு அந்தச் செலவே இல்லை."

தூக்கிக் குடிப்பதற்கென்று விளிம்பு வைத்துச் செய்தது நம் டம்ளர். ஒயின் கண்ணாடிக்கு அந்தப் பயிற்சி கிடையாது. அந்தச் சனிக்கிழமை பரத்வாஜ் கண்ணாடிக்குள் மூக்கை விட்டு, "கருப்பு திராட்சை. மழை பட்ட மண். எங்கேயோ தூரத்துல ஏலக்காய்" என்று அறிவித்தார். மூவரும் பயபக்தியோடு அண்ணாந்தார்கள். வேதாந்தத்தின் பங்கில் பாதி வாய்க்குள் போனது, மீதி சட்டைக்குப் போனது. மற்ற இருவரின் கண்களும் அப்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. சட்டையும் கத்திரிப்பூ நிறம். கறை தெரியவில்லை.

ஞாயிறு காலை ஜானு அந்தச் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இந்தக் கண்றாவிய என் மெஷின்ல போட மாட்டேன். பெருமாள் வஸ்திரம் தோய்க்கற மெஷின் அது. ஒரே நாத்தம்."

"நாத்தம் இல்லை ஜானு. இதுக்குப் பேர் அரோமா."

"அப்போ அந்த அரோமாவ அய்யாதுரைக்குக் குடுத்துடுங்கோ. அவராத்துல தோய்ச்சுப்பா."

வேதாந்தம் தாமே கீழே இறங்கிப் போய்க் கொடுத்தார். தர்மம் செய்த களை அவர் முகத்தில் இருந்தது. "புச்சாட்டம் கீது சார்" என்று அய்யாதுரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சுந்தரராமனின் கார் வெளியே போகக் கதவைத் திறந்ததில் அய்யாதுரையின் யூனிபார்ம் சொட்டச் சொட்ட நனைந்தது. அதை மோட்டார் அறையில் காயப் போட்டுவிட்டு, கையிலிருந்த சட்டையை மாட்டிக்கொண்டார். கார் திரும்பி வந்தபோது சுந்தரராமன் கண்ணாடியை இறக்கினார், மூக்கைச் சுளித்தார். மாலையில் அவசரக் கூட்டம் கூடிவிட்டது. சங்கத்தின் செயற்குழுவும் ரசனை வட்டமும் ஒரே மூவர்தான் என்பதால் கூட்டுவதில் சிரமம் இருக்கவில்லை. நேற்றைய மீதியை மதியச் சாப்பாட்டோடு மூவரும் தீர்த்திருந்தார்கள். வேதாந்தம் தலைமை வகித்தார். அய்யாதுரை வாசலில் நின்றார்.

"டூட்டியில குடிக்கலாமா?" என்று சுந்தரராமன் ஆரம்பித்தார்.

"நான் தொட மாட்டேன் சார். எங்க நைனா குடிச்சே செத்தாரு. அத்த கூட இருந்து பாத்தவன் சார் நானு. இந்த வேலைய நம்பித்தான் வூடு ஓடிக்கினு கீது."

பரத்வாஜ் எழுந்து போய், வகுப்பில் கற்றபடி கண்ணை மூடிக்கொண்டு சட்டையை முகர்ந்தார். திராட்சையையும் மண்ணையும் ஏலக்காயையும் கண்டுபிடித்த அதே மூக்கு.

"பட்டைச் சாராயம். அதுவும் மட்டமான ரகம்."

அய்யாதுரை வேதாந்தத்தைப் பார்த்தார். "சார், காலைல நீங்க குடுத்த சட்டதானே இது. அதுலயே வந்துச்சு சார் இந்த வாசன."

சட்டையில் சிந்திய பாதி ஒயின் வேதாந்தத்துக்கு நினைவு வந்தது. ஒரு வார்த்தை போதும், இந்த மனுஷனின் வேலை பிழைத்துவிடும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் ஒயின் வாசனையும் சாராய வாசனையும் ஒன்று என்றாகிவிடும். அப்புறம் 'வாழ்க்கையில் ஒரு தடவைகூட' என்ன ஆவது? அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் குடுக்கறச்சே அதுல நாத்தம் எதுவும் இல்லை."

இது பொய் இல்லை. அரோமாதான் இருந்தது.

எனினும் அறிவியலுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று பரத்வாஜ் செல்போனில் ஆர்டர் தட்ட, மூச்சை ஊதிப் பார்க்கும் கருவி ஒன்று காபி ஆறுவதற்குள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அய்யாதுரை ஊதினார். பச்சை விளக்கு எரிந்தது.

"மெஷின் சரியா இருக்கான்னு பாக்க வேண்டாமா?" என்றார் சுந்தரராமன். "ஜென்மத்துல குடிக்காத ஒருத்தர் ஊதிக் காட்டணும்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். மறுக்க வழியில்லை. வேதாந்தம் ஊதினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அது போதாதென்று கருவி கீச்சுக் கீச்சென்று கத்தவும் செய்தது.

பரத்வாஜ்தான் முதலில் தெளிந்தார். "மெஷின் தலைகீழா வேலை செய்யறது மாமா. குடிச்சவாளுக்குப் பச்சை காட்டறது, குடிக்காதவாளுக்குச் சிவப்பு."

"அப்போ அய்யாதுரை குடிச்சிருக்கறது ஊர்ஜிதம் ஆயிடுத்து" என்றார் சுந்தரராமன்.

சமையலறை நிலையில் சாய்ந்து நின்ற ஜானு கேட்டார். "நான் ஊதினா என்ன வரும்?"

அவர் செயற்குழு உறுப்பினர் இல்லை என்பதால் கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. மது என்னும் அரக்கனை வளாகத்திலிருந்து விரட்டும் தீர்மானம் நிறைவேறியது.

அய்யாதுரை ஈர யூனிபார்மைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். பிறகு கத்திரிப்பூச் சட்டையையும் கழற்றி, மடித்து, செருப்பு அலமாரியின் மேல் வைத்தார். தூறலில் பனியனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஜன்னலிலிருந்து பார்த்த வேதாந்தத்துக்கு வெட்கமாக இருந்தது. நாகரிகத்தின் பாதையில் இப்படிச் சில சங்கடங்கள் வரத்தான் செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை பொடிமாஸ் தயார், வத்தக்குழம்பு தயார், கண்ணாடிகள் பளபளவென்று தயார். பாட்டில் மட்டும் இல்லை. யார் போவது என்று மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் அவசரமானதால், புதிய வாட்ச்மேனுக்கான விளம்பரத்தை வேதாந்தம் அங்கேயே சொல்லச் சொல்ல, பரத்வாஜ் செல்போனில் அடித்தார்.

"வாட்ச்மேன் தேவை. குடிப்பழக்கம் அறவே கூடாது. சனிக்கிழமைகளில் கடைக்குப் போய் வர சைக்கிள் வைத்திருக்க வேண்டும்."

அப்பளம் கொண்டுவந்த ஜானு தட்டை வைத்தார்.

"இன்னொண்ணும் சேத்துக்கோங்கோ" என்றார். "வரச்சே சட்டை அவாளே கொண்டுவந்துடணும். இந்தாத்துச் சட்டையப் போட்டுண்டா வேலை போயிடும்."